மேளம் இல்லாமல் நடந்த கல்யாணம்

என் மச்சினி சுஜாவின் கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடம் வந்ததும் பார்க்கிறவர்கள் ரிமோட்டைத் தேடுவார்கள். டி.வி.யில் சத்தம் போய்விட்டது என்று நினைப்பார்கள். சத்தம் எங்கும் போகவில்லை. கெட்டிமேளம் இல்லாமல்தான் அந்தத் தாலி ஏறியது. அதற்குக் காரணம் வீடியோக்காரர் இல்லை, மேளக்காரர் இல்லை, பெண்ணின் அக்கா புருஷனாகிய நான். இதைச் சம்பந்தி வீட்டாருக்கு விளக்கப் பலமுறை முயன்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பாதி சொல்லும்போதே எனக்குக் குழம்பிவிடும்.

குழப்பம் எனக்குப் புதிதில்லை. எங்கள் மகன் முகிலுக்கு அப்போது எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பையன். அதோடு பால் ஆகாது, கோதுமை ஆகாது. முந்திரியோ வேர்க்கடலையோ பட்டால் உதடு வீங்கிவிடும். ஆகிற சாப்பாட்டிலும் அவனுக்கென்று ஒரு சட்டம் உண்டு. எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். இட்லி, இடியாப்பம், சாதம், தோல் உரித்த உருளைக்கிழங்கு. சாதத்தில் ஒரே ஒரு கடுகு தென்பட்டால் தட்டு மொத்தமும் திரும்பி வரும். இப்படிச் சாப்பிடுகிற பிள்ளையின் வயிறு என்ன செய்யும்? வேலைநிறுத்தம் செய்யும். மாதத்தில் பாதி நாள் செய்தது.

அவன் அதிகம் பேசமாட்டான். அழுதால் அது வயிற்று வலியா, பசியா, சட்டைக் காலரின் லேபிள் குத்துகிறதா, எதிர்வீட்டு மிக்சி சத்தமா என்று தெரியாது. நான் லேபிளை வெட்டுவேன், ஜன்னலைச் சாத்துவேன், வயிற்றில் எண்ணெய் தடவுவேன். அழுகை நிற்கும். எதனால் நின்றது என்று தெரியாது. (அவனாகவே நிறுத்திக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு.) மயிலாப்பூர் டாக்டர் நார்ச்சத்தை அதிகமாக்குங்கள் என்றார். அடையாறு டாக்டர் இப்போதைக்கு நார்ச்சத்தே வேண்டாம் என்றார். தி.நகரில் ஒரு டாக்டர், இருவரும் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் நினைப்பதைத் தெரிந்துகொள்ளவா கிண்டி ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

இவ்வளவு குழப்பத்திலும் ஒன்று மட்டும் எங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். முகில் கழிவறையில் உட்கார்ந்தால் வாசலில் ஒருவர் மண்டியிட்டு, மின்சார ரயிலில் வருகிற அறிவிப்புக் குரலில், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை எல்லா ஸ்டேஷன்களையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவன் உடம்பு தளரும். ஒரு ஸ்டேஷனையும் விடக் கூடாது. நடுவில் வேறு ஒரு வார்த்தை பேசினாலும் "முதல்ல" என்பான். திரும்பக் கடற்கரையிலிருந்து கிளம்ப வேண்டும். வண்டி தாம்பரம் போய்ச் சேருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இதற்கு ஒரே எதிரி, திடீர்ச் சத்தம். அந்த வருடம் ஒருநாள், அவன் உட்கார்ந்திருந்த நேரம் பக்கத்து வீட்டில் சுவரில் டிரில் போட்டார்கள். அடக்கிக்கொண்டு எழுந்தவன்தான், ஒரு வாரத்துக்கு மேல் கழிவறைப் பக்கமே போகவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரி, எனிமா, அவன் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள நான்கு பேர். அவன் அப்போது அலறிய அலறல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அந்த நான்கு பேரில் நானும் ஒருவன்.

சுஜாவின் கல்யாணம் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில், ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு முகிலுக்கு ஐந்தாவது நாள். (எங்கள் வீட்டில் காலண்டர் அப்படித்தான் ஓடும்.) திங்கட்கிழமைக்குள் ஆகவில்லையென்றால் அட்மிட் செய்துவிடலாம் என்று அடையாறு டாக்டர் சொல்லியிருந்தார். என் மனைவி வித்யா தங்கையின் கல்யாணப் புடவையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுவதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட ஒரே கேள்வி, "ஆச்சா?"

நான் எதையும் புரிந்துகொள்ள மாட்டேனே தவிர, திட்டம் போடுவதில் கெட்டிக்காரன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. முதல் நாள் மாலையே மண்டபத்துக்குப் போய் வேலையைத் தொடங்கினேன். தனியாக ஒரு குக்கர், தனி இட்லித் தட்டு, தனிக் கரண்டி. சமையல்காரர் என் குக்கரைப் பார்த்த பார்வையில், நான் அவர் சமையலைச் சாப்பிட்டுச் செத்தவர்களின் சொந்தக்காரன் போல எனக்கே தோன்றியது. அடுத்ததாகத் தவில்காரரிடம் போனேன். மேற்கு மாம்பலத்துக்காரர். ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நாளைக்குக் கெட்டிமேளம் அடிக்கறப்ப என் பையன் ஹால்ல இருக்கக் கூடாது. அந்தச் சத்தம் அவனால தாங்க முடியாது. நான் அவனை மாடி ரூம்ல விட்டு, ஹெட்போன் மாட்டி, கதவைச் சாத்திட்டு, ஹாலப் பாத்த பால்கனில வந்து நின்னு கைய தூக்கறேன். அதுக்கப்புறம் அடிங்க."

"எம்மாம் பெரிய பையன் சார்?"

"எட்டு வயசு."

"என் அக்கா பேத்தியும் இப்டித்தான் சார். பட்டாசுன்னா கட்லுக்கு அடில பூந்துக்கும். நீ கவலப்படாத. நீ கைய தூக்காம நான் குச்சியத் தொடமாட்டேன்."

"ஐயர் சொன்னாலும்?"

"ஐயர் இன்னா சார், கவர்னர் வந்து சொன்னாலும் தொடமாட்டேன். சொன்னா சொன்னதுதான்."

எவ்வளவு நல்ல மனிதர் என்று நெகிழ்ந்துபோய்ப் படுத்தேன். இந்த ஏற்பாட்டை ஐயரிடமோ மாமனாரிடமோ ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. திட்டம் அவ்வளவு கச்சிதமாக இருந்தது.

மறுநாள் காலையில் மண்டபத்தில் ஆளாளுக்கு முகிலின் வயிற்றுக்கு வைத்தியம் சொன்னார்கள். வித்யாவின் பெரியம்மா விளக்கெண்ணெயோடு வந்தார். மாமனார் வெந்நீர் என்றார். நான் திராட்சை ஊறவைத்த தண்ணீரை, நிறம் வெளியே தெரியாத ஸ்டீல் பாட்டிலில் ஊற்றிக் குடிக்க வைத்திருந்தேன். யாரோ ஓர் அத்தை அவன் இட்லியில் அன்பாக நெய் விட, அவன் மோந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினான். நெய் அத்தையின் புடவையில் போய் விழுந்தது. மன்னிப்புக் கேட்பதா, பாலில் அலர்ஜி என்று மறுபடி விளக்குவதா என்று தெரியாமல் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் செய்தேன். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை.

பத்து மணி சுமாருக்குத் தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காக ஹாலில் வரிசை வரிசையாகச் சுற்றி வரத் தொடங்கியது. பத்தரைக்கு ராகு காலம். நான் திட்டப்படி முகிலின் கையைப் பிடித்து மாடி அறைக்குக் கூட்டிப்போனேன். ஹெட்போனை எடுத்தேன். அவன் என் கையை விட்டுவிட்டு நேராக அந்த அறையின் கழிவறைக்குள் போனான். டிரவுசரை இறக்கினான். உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான்.

"கடற்கரை," என்றான்.

ஐந்து நாள் காத்திருந்த வார்த்தை. செல்போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, பட்டு வேட்டியோடு ஈரத் தரையில் மண்டியிட்டேன். பால்கனி, கை, தவில், மச்சினி கல்யாணம் எல்லாம் என் தலையிலிருந்து துடைத்துவிட்டாற்போலப் போய்விட்டன. "கடற்கரை. அடுத்த நிலையம் கோட்டை," என்று ஆரம்பித்தேன்.

கீழே நடந்தது எனக்குப் பிறகு தெரிந்ததுதான். மாப்பிள்ளை தாலியை எடுத்துச் சுஜாவின் கழுத்தருகே கொண்டுபோனார். ஐயர் விரலை ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்," என்றார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி சொன்னார். தவில்காரர் கையைக் கட்டிக்கொண்டு பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, தூங்கறேளா?"

"சார் இன்னும் கைய தூக்கல சாமி."

"எந்த சார்?"

"மாடி சார்."

ஹாலில் இருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பால்கனியில் ஒரு துண்டு மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

நான் சேத்துப்பட்டில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. "மாப்ள, உள்ளயா இருக்கீங்க?" மாமனார் குரல்.

"ஆமா மாமா," என்றேன். பழக்கதோஷம்.

"முதல்ல," என்றான் முகில்.

"மாப்ள, மேளக்காரர் அடிக்கமாட்டேங்கறாரு. நீங்க கைய தூக்கணுமாமே. வந்து ஒரு தடவ தூக்கிட்டுப் போயிடுங்க."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வயிற்றைப் பிசைந்தது. (என் வயிற்றை. அவன் வயிறு அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.) கையைத் தூக்கினால் கெட்டிமேளம் இந்தக் கதவைத் துளைத்துக்கொண்டு வரும். கழிவறையில் அவன் ஹெட்போன் போடவே விடமாட்டான். எழுந்துவிடுவான். பிறகு திங்கட்கிழமை, ஆஸ்பத்திரி, அந்த நான்கு பேர். தூக்காவிட்டால் ராகு காலம் வந்துவிடும், சுஜா கழுத்தில் தாலி இல்லாமல் உட்கார்ந்திருப்பாள். பதில் சொல்லலாம் என்றால் வாயைத் திறக்க வழியில்லை. முகில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடற்கரை," என்றேன்.

"என்னது மாப்ள?"

"கோட்டை."

"மாப்ள, நான் பேசறது கேக்குதா?"

"பூங்கா."

மாமனார் கீழே இறங்கிப்போனார். மூத்த மாப்பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது, எது கேட்டாலும் ஸ்டேஷன் பேராகச் சொல்கிறார் என்று வித்யாவின் பெரியம்மாவிடம் சொன்னாராம். ஹாலில் அந்தச் செய்தி பின்வரிசை போய்ச் சேருவதற்குள் வேறு உருவம் எடுத்துவிட்டது. மூத்த மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டு ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், அவருக்குச் சரியாக மரியாதை செய்யவில்லையாம். ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு மாப்பிள்ளையாவது இப்படிக் கோபித்துக்கொள்வது வழக்கம் என்பதால் எல்லோரும் உடனே நம்பினார்கள்.

அதன் பலனாகச் சம்பந்தி வீட்டுப் பெரியப்பா மேலே வந்தார். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. கனத்த குரல். நான் இரண்டாவது ரவுண்டில் கோடம்பாக்கம் வந்திருந்தேன். முகிலின் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. குதிகால்களைத் தூக்கியிருந்தான். வருவதற்கு அதுதான் அறிகுறி.

"சார், கொஞ்சம் கதவத் திறங்க. எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். மோதிரம் போடலன்னு வருத்தமா? உங்க மாமனார்கிட்ட நான் சொல்றேன். வேட்டி சட்ட சரியில்லன்னாலும் சொல்லுங்க. சின்னவங்க கல்யாணத்த நிறுத்தாதீங்க."

வாழ்க்கையில் அப்படி ஒரு அவமானத்தை நான் பட்டதில்லை. மோதிரத்துக்காக மச்சினி கல்யாணத்தை நிறுத்தியவன் என்று மயிலாப்பூர் முழுக்கப் பேசப் போகிறார்கள். தாங்க முடியவில்லை. "ஐயையோ, அப்படியெல்லாம் இல்லீங்க," என்று கத்திவிட்டேன்.

"முதல்ல," என்றான் முகில். குரலில் அழுகை இருந்தது. குதிகால் இறங்கிவிட்டது.

என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. மானம் போனால் போகட்டும் என்று ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா? வயிறு வலித்து உட்கார்ந்திருப்பது அவன், மோதிரத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தது நான். மூன்றாவது முறையாகக் கடற்கரையிலிருந்து கிளம்பினேன். பெரியப்பா வெளியே என்னென்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழும்பூர், நுங்கம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை. (இடையில் இருக்கிற ஸ்டேஷன்களையும் சொன்னேன். வாசகர்களிடம் மட்டும்தான் தாண்டிப் போக முடியும்.) குதிகால் மெல்ல மறுபடி எழும்பியது. கிண்டி வந்தது.

படியில் கொலுசுச் சத்தமும் பட்டுப்புடவைச் சரசரப்பும் கேட்டன. வித்யா. அவள் கதவைத் தட்டவில்லை. கதவுக்கு வெளியே, நிதானமாக, ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரு குரல் எழுந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மேளம் இல்லாமலே தாலி கட்டப்படும். சுஜா சொல்லிவிட்டாள். வண்டி தொடர்ந்து செல்லலாம். அடுத்த நிலையம் பரங்கிமலை."

நான் முகிலைப் பார்த்தேன். அவன் தலையைச் சாய்த்து யோசித்தான். அறிவிப்பு மாதிரிதான் இருந்தது. அறிவிப்பில் குற்றம் சொல்ல அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"பரங்கிமலை," என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பழவந்தாங்கல் என்றேன். இந்த வழி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. மாமனாரிடமும் பெரியப்பாவிடமும் கனிவான கவனத்திற்கு என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம்.

மணமேடையில் நடந்ததை வித்யா பிறகு சொன்னாள். வித்யாதான் தங்கையின் காதில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். சுஜா உடனே மாப்பிள்ளையிடம் திரும்பி, "மேளம் அப்புறம் அடிச்சுக்கலாம். அவன் அஞ்சு நாளா கஷ்டப்படறான். நீங்க கட்டுங்க," என்றிருக்கிறாள்.

"யாரு கஷ்டப்படறா?" என்று கேட்டிருக்கிறார் மாப்பிள்ளை.

"கட்டுங்க, சொல்றேன்."

(அவருடைய இல்லற வாழ்க்கை அந்த உரையாடலில் தொடங்கியது. இன்னும் பெரிய மாற்றம் இல்லை.)

பெரியம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. தாலி ஏறும்போது தும்மலோ அபசகுனமான பேச்சோ காதில் விழக் கூடாது என்றுதானே கெட்டிமேளமே அடிக்கிறார்கள்? மேளம் இல்லையென்றால்? மாமனார் மைக்கை வாங்கி, "தயவுசெஞ்சு யாரும் தும்மாதீங்க," என்று கேட்டுக்கொண்டார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டார்கள். மற்றொரு கையில் அட்சதை. வீடியோவில் இது தெளிவாகத் தெரியும்.

தெளிவாகக் கேட்கிற ஒன்றும் உண்டு. ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் இருக்கிற அந்த ஹாலில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடுகிறார். மாடியிலிருந்து ஓர் ஆணின் தழுதழுத்த குரல், "திரிசூலம்," என்கிறது. இரண்டாவது முடிச்சு. "பல்லாவரம்." மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுகிறார். "குரோம்பேட்டை."

ஐயரிடம் பெரியம்மா கவலையோடு கேட்டபோது அவர், "திரிசூலம் அம்பாள் கையில இருக்கறது. தோஷமே இல்லை," என்று தீர்ப்புச் சொன்னார். மற்ற இரண்டைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

சானடோரியம் ஸ்டேஷனில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தாம்பரத்தில் முகில் சிரித்தான். ஐந்து நாளாக நாங்கள் பார்க்காத சிரிப்பு. வித்யா உள்ளே வந்து அவனைக் கழுவி, ஹெட்போனை மாட்டினாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அறைக் கதவைத் திறந்துகொண்டு பால்கனிக்கு ஓடி, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, "ஆயிடுச்சு, ஆயிடுச்சு," என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

நல்லவேளையாக வித்யா உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொண்டாள். தவில்காரர் வாக்குத் தவறாதவர். குச்சி பறந்தது. நாதஸ்வரம் சேர்ந்துகொண்டது. இரண்டு கையையும் தூக்கியதால் இரண்டு மடங்கு அடித்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். கெட்டிமேளம் கேட்டால் அட்சதை போட்டே பழகிய ஜனங்கள், கையில் மிச்சமிருந்ததை என்னை நோக்கி வீசினார்கள். முழங்கால் நனைந்த பட்டு வேட்டியோடு நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

எதனால் ஆனது என்பதில் இன்னும் தகராறு ஓயவில்லை. பெரியம்மா தன் விளக்கெண்ணெய் என்கிறார். மாமனார் வெந்நீர் என்கிறார். நான் திராட்சைத் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் மூன்றையும் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை.

மாறியது ஒன்று உண்டு. முன்பெல்லாம் சொந்தக்காரர்கள் போன் செய்தால் முகிலைப் பற்றிக் குரலைத் தாழ்த்தி, "பேசறானா? சரியாயிடுமாமா?" என்று கேட்பார்கள். எனக்குப் பதில் தெரியாது. இப்போது சத்தமாக, "ஆச்சா?" என்று கேட்கிறார்கள். அதற்கு எனக்குப் பதில் தெரியும். சுஜாவின் மாமியார்கூட அதைக் கேட்ட பிறகுதான் மற்ற விஷயத்துக்கு வருகிறார்.

போன மாதம் தி.நகரில் சுஜாவின் கொழுந்தனுக்குக் கல்யாணம். முகிலுக்கு இப்போது பதினோரு வயது. அதே ஐயர். மாப்பிள்ளையின் கையில் தாலியைக் கொடுத்துவிட்டு, மேளக்காரர் பக்கம் திரும்பாமல் எங்கள் பக்கம் திரும்பி, மைக்கிலேயே கேட்டார். "என்ன, ஆச்சா?"

ஹால் சிரித்தது. நானும் சிரித்தபடி, ஆயிடுச்சு, நீங்க நடத்துங்க என்று சொல்ல எழுந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை என்பது போல முகில் ஹெட்போனைக் கழற்றினான். வெளியாட்கள் கேட்டு அவன் பதில் சொல்லி நான் பார்த்ததேயில்லை.

"இல்ல," என்றான். எழுந்து நின்றான்.

முகூர்த்தம், சம்பந்திகள், மறுபடியும் இதே குடும்பம். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை தாலியைத் தட்டில் திருப்பி வைத்தார். மேளக்காரர் காபி கேட்டார். முன்வரிசையில் இருந்த அந்தப் பெரியப்பா, ஒரு காலத்தில் எனக்கு மோதிரம் போடச் சொல்கிறேன் என்றவர், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"கூட்டிட்டுப் போங்க சார்," என்றார். "மெதுவா போய்ட்டு வரட்டும். நாங்க எங்கயும் போயிடல."